சீசன் யாருக்கு?

மலையில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. கொழும்பிலிருந்து கார் ஏறி வருகிறவர்களைக் கேட்டால், சீசன் என்றால் ஏப்ரல் மாதத்து நுவரெலியா: குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, ஏரியில் படகு, இரவில் பாட்டுக் கச்சேரி. நம் பெண்களைக் கேட்டால், அதே ஏப்ரலில் மழை விழுந்து கொழுந்து மளமளவென்று வரும் காலம்தான் சீசன். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். இடுப்பு வலி, அட்டைக்கடி, நிறுவையில் கழிவு, எல்லாம் அந்த மாதத்தில்தான் கூடுதல். இரண்டு சீசனும் ஒரே மாதத்தில், ஒரே மலையில் நடக்கின்றன. ஒரு சீசன்காரர் மற்றச் சீசன்காரரை நிறுத்திப் படம் பிடிக்கிறார். யார் யாரைப் படம் பிடிக்கிறார் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது இன்னொரு கூத்தும் நடக்கிறது. பழைய துரை பங்களாக்களை வெள்ளையடித்து, மரத்தரைக்கு மெழுகு போட்டு, தங்கும் விடுதிகளாகத் திறந்திருக்கிறார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலை ஆலை ஒன்றே ஹோட்டலாகி எத்தனையோ வருடமாகிறது. அதிலும்கூட ஆள் தங்குகிறார்கள், நல்ல விலைக்குத் தங்குகிறார்கள். விளம்பரங்களில் எழுதுவதெல்லாம் ஒரே மாதிரி: நூறு வருடத்துக்கு முந்திய தோட்ட வாழ்க்கையை வந்து அனுபவியுங்கள், அந்தக் காலத்து அமைதி, அந்தக் காலத்து உபசாரம், காலையில் கட்டிலுக்கே தேநீர். சில பங்களாக்களில் ஒரு இரவு வாடகை நம் ஆள் ஒருவரின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். விருந்தாளிகளின் முதுகில் அரை மணி நேரம் கூடையை மாட்டிக் கொழுந்து எடுக்கவும் விடுகிறார்கள். அதற்கும் தனிக் கட்டணம். கொழுந்து எடுக்கக் காசு வாங்குவதும் உண்டு, காசு கொடுப்பதும் உண்டு என்று நம் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும்.

அந்த நூறு வருடத்துக்கு முந்திய காலம் யாருக்கு உல்லாசமாக இருந்தது என்று கேட்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுவிட்டு, நமக்கு வேண்டியதையும் சொல்லப்போகிறேன். நமக்கு வேண்டியது பங்களா இல்லை, கல்லடிக் கடற்கரையில் ஒரு வீடு.

முதலில் துரைமார் என்ன கட்டினார்கள் என்று பார்ப்போம். கோப்பி விழுந்து தேயிலை எழுந்த அந்த இருபது முப்பது வருடத்தில், தோட்டத்தோடு தோட்டமாக அவர்களுடைய பொழுதுபோக்கும் எழுந்தது. நுவரெலியாவில் 1875 இல் குதிரைப் பந்தயத் திடல், 1876 இல் ஹில் கிளப், 1889 இல் கோல்ஃப் கிளப். தேசாதிபதி பார்ன்ஸ் கட்டிய பழைய மாளிகை 1891 இல் கிராண்ட் ஹோட்டல் ஆனது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903 இல் சின்ன ரயில் ஓடியது, தேயிலைப் பெட்டியையும் இறக்கியது, சீசனுக்கு வந்தவர்களையும் ஏற்றியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கிளப், டென்னிஸ், றக்பி, வருடாந்த நடனம். கீழே பயணம் போனால் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ். அங்கே கட்டில், கொசுவலை, கோழிக்கறி, விசிறி இழுக்க ஒரு ஆள். ஹில் கிளப்பில் சுதந்திரம் கிடைத்துப் பல வருடம் ஆகும்வரை இந்த நாட்டுக்காரர் யாரையும் அங்கத்தவராகச் சேர்க்கவில்லை. வெள்ளை உடுப்போடு தட்டு ஏந்தி உள்ளே போகலாம், அவ்வளவுதான்.

நம்முடைய ஆட்களுக்கு அந்தக் காலத்தில் தங்குமிடம் எதுவாக இருந்தது? நாம் முதலில் தங்கிய இடம் மண்டபம் முகாம். ஊரிலிருந்து புறப்பட்ட ஒவ்வொருவரும் அங்கே சில நாட்கள் அடைபட்டு, உடுப்பை நீராவியில் அவித்து, உடம்பைப் பரிசோதனைக்குக் கொடுத்து, பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். அடுத்தது லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. விசிறி இழுக்க ஆள் கிடையாது, விசிறிக் காற்று வர ஜன்னலும் கிடையாது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். பல தோட்டங்களில் பங்களாவும் லயமும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே காலத்தில் ஒரே கொத்தனார்கூடக் கட்டியிருக்கலாம். பங்களாவுக்கு வயது போனபோது அதற்கு மரபுரிமை என்று பெயர் வைத்து விலையைக் கூட்டினார்கள். லயத்துக்கு வயது போனபோது மண்சரிவு அபாயம் என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நம் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்தப் பக்கம் போகிற எந்த விடுதி விளம்பரத்திலும் அந்த லயங்கள் இருந்த இடம் பச்சையாகத்தான் தெரியும்.

சரி, தங்குமிடம் போகட்டும். லீவாவது இருந்ததா? 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். கடன் பாக்கி இல்லை, சம்பளப் பாக்கி இல்லை என்ற வழக்கு எல்லாம் பிறகு, முதலில் சிறை. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும், துண்டில் கடன் எழுதியிருக்கும், அந்தக் கடனை ஏற்கிற தோட்டம் வேண்டும். துண்டு முறையையும் அந்தச் சிறைத் தண்டனையையும் 1920களின் தொடக்கத்தில்தான் எடுத்தார்கள். அதுவரை நம் ஆட்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போவது என்பதும் ஓடிப்போவது என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். 1929 இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ஒரு சம்பளம் இருந்தது என்பதைப் பள்ளிக்கூட வாத்தியாராகிய நான் இரண்டு தடவை வாசித்தேன். உலக மந்தம் வந்ததும் அந்தச் சதத்திலும் கைவைத்தார்கள். கிளப்புகளின் வருடாந்த நடனம் மட்டும் நிற்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நம்முடைய ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா என்றால், இல்லை. மாசி மாதம் வந்தால் காமன் ஊன்றினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட இளசுகளுக்காகச் சொல்கிறேன். கம்பம் நட்ட நாள் முதல் இரவுக்கு இரவு தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். நந்தி, எமன், வீரபத்திரன், காளி என்று ஒவ்வொருவராக வருவார்கள். கடைசி இரவு தகனம், ரதியின் ஒப்பாரி. வேஷம் கட்டுகிறவன் நேர்த்திக்கடனுக்குக் கட்டுவான், விரதம் இருப்பான், காலையில் பிரட்டுக்களத்திலும் வந்து நிற்பான். இரவெல்லாம் மன்மதனாக எரிந்தவன் காலையில் முள்ளுக்குத்தப் போனான். டிக்கட் கிடையாது, மேடை கிடையாது, வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவில் கயிறு கிடையாது. பிரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த அதே தப்புதான் இரவில் காமனுக்கும் அடித்தது. பகலில் அது துரையின் தப்பு, இரவில் நம்முடைய தப்பு. ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம் இருப்பது துரைக்கும் தெரியும். ஆனால் இரவில் பாதியை அவரால் எடுக்க முடியவில்லை.

பாட்டும் அப்படித்தான். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவரோடு மீனாட்சி அம்மை வந்து தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகக் கட்டிப் பாடிய கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டம் என்றால் பொலிசும் கங்காணியும் வருவார்கள். பாட்டுக் கேட்க என்றால் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். சங்கம் நம் காம்பராவுக்குள் நுழைந்தது பாதி பாட்டு வழியாக. ஆகவே பொழுதுபோக்கும் போராட்டமும் வேறு வேறு என்று யாராவது சொன்னால், அவருக்கு நம்முடைய சங்கத்தின் சரித்திரமே தெரியாது.

இனிக் கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம், ஏனென்றால் நம் தேயிலையும் அங்கேதான் போனது. இதே 1900களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைத் தொழிலாளர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஆலை நகரத்துக்கும் வருடத்தில் ஒரு வாரம் உண்டு, ‘வேக்ஸ் வாரம்’ என்று பெயர். அந்த வாரம் ஊரில் உள்ள ஆலைகள் எல்லாம் பூட்டு. ஊரே மூட்டை கட்டி ரயில் ஏறி பிளாக்பூல் என்ற கடற்கரைக்குப் போய்விடும். அங்கே 1894 இல் திறந்த பெரிய இரும்புக் கோபுரம், அதன் கீழே நடன மண்டபம், சர்க்கஸ், கடலுக்குள் நீளும் மரப்பாலங்களில் பாட்டும் ஆட்டமும். தங்கியது பெரிய ஹோட்டல்களில் இல்லை, வீட்டுக்கார அம்மாமார் நடத்திய சின்ன விடுதிகளில். அரிசி பருப்பு மாதிரி அவர்களுடைய மாவும் இறைச்சியும் தாங்களே வாங்கிக் கொடுப்பார்கள், வீட்டுக்காரம்மா சமைத்துக் கொடுப்பார். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனியாகக் காசு எழுதின அம்மாமார்கூட உண்டு. கடற்கரையில் ஜாடி ஜாடியாகத் தேநீர் விற்றார்கள். அந்த ஜாடியில் நம் பாட்டிமார் கிள்ளிய இலையும் ஊறியிருக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. அந்த வாரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆலை பூட்டினால் கூலியும் பூட்டு. அப்புறம் எப்படிப் போனார்கள்? வருடம் முழுக்க வாரத்துக்கு வாரம் சின்னத் தொகை கட்டிச் சேமித்தார்கள், நம் பெண்கள் சீட்டுக் கட்டுவதைப் போலவே. ஆலை ஆலையாக, தெருத் தெருவாக அதற்கென்றே சங்கங்கள் இருந்தன. பிறகு, போகப் பழகிய மக்களே கேட்கத் தொடங்கினார்கள்: லீவு மட்டும் போதாது, லீவுக்குச் சம்பளமும் வேண்டும் என்று. பிரான்சில் 1936 இல் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரச் சம்பள லீவைச் சட்டமாக்கினார்கள். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1938 இல் வந்தது. முதலில் கடலுக்குப் போனார்கள், அப்புறம்தான் சட்டம் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மிடம் வருவோம். நம் ஆட்களிடம் கடல் என்று பேச்செடுத்தால் வரும் பதில் இதுதான்: “வயித்துக்கே வழியக் காணோம் சேர், இதுல கடல் ஒண்ணுதான் கேடு.” இதைச் சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற ஒரு கோரிக்கைக்காக 2015 முதல் 2021 வரை நாம் நடந்த நடை கொஞ்சமா? ஆனால் அதே வார்த்தையைத் தோட்ட நிர்வாகமும் சொல்கிறது, சில தலைவர்மாரும் சொல்கிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சம்பளம் கேட்டால் உற்பத்தியைக் கூட்டு என்கிறார்கள். வீடு கேட்டால் காணி இல்லை என்கிறார்கள், விடுதி கட்ட மட்டும் காணி வருகிறது. கடைசியில் ஓய்வு என்று வாயெடுத்தால், முதலில் வயிற்றைப் பார் என்கிறார்கள். வயிறு மட்டும்தான் இருக்கிறது என்று நம்மை நினைக்கிறவர்களிடம் வயிற்றுக்குக்கூட நியாயம் கிடைக்காது.

சம்பள நிர்ணயச் சபைச் சட்டத்தில் நமக்கு வருடாந்தச் சம்பள லீவு இருக்கிறது, வேலை செய்த நாட்களைக் கணக்குப் பார்த்து. எங்கள் தோட்டத்தில் அது எப்படி வருகிறது? காசாக வருகிறது. அந்தக் காசு கையில் பட்ட அன்றே கடைக் கணக்குக்குப் போகிறது. லீவுச் சம்பளம் வந்தது, லீவு வரவில்லை. இதை அனுபவித்த தோட்டங்கள் கை தூக்கினால் எத்தனை கை எழும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இந்த நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்தில் ரயில் வாரண்ட் உண்டு. வங்கிகளுக்கும் திணைக்களங்களுக்கும் அங்கங்கே விடுமுறை பங்களாக்கள், சர்க்கிட் பங்களாக்கள் உண்டு. அவற்றில் பல நம் மலையில்தான். அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை, இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் வாரண்ட் கிடைக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு அவர் வேலையில் இருந்த ஒரு நாளும் வாரண்ட் கிடையாது, பங்களா கிடையாது. தங்கிய ஒரே அரசாங்கக் கட்டடம் ஆஸ்பத்திரி.

சங்கங்கள் பொழுதுபோக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னால் பொய். மே தினத்துக்கு பஸ் வருகிறது, தொப்பி வருகிறது, சோற்றுப் பார்சல் வருகிறது. மேடையில் தலைவர் பேசி முடிந்ததும் இசைக்குழு. நள்ளிரவுக்கு லயத்துக்குத் திரும்பி, காலையில் பிரட்டு. அதையும் உல்லாசப் பயணம் என்று கணக்கெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பத்திரிகையாசிரியர் இந்த வரியை வெட்ட மாட்டார் என்று நம்புகிறேன். ஒரு நாள் கூட்டத்தைக் காட்டத் தூக்கிப் போவது வேறு, இரண்டு இரவு நம் ஆள் கவலையில்லாமல் படுத்து எழும்ப இடம் கொடுப்பது வேறு.

கல்லடியை ஏன் சொல்கிறேன்? லுணுகலை, பசறைப் பக்கத்து ஆட்களுக்கு அது பக்கம். பதுளை ரோடு பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் போய் இறங்குகிறது, அங்கிருந்து மட்டக்களப்பு எட்டிப்பிடிக்கிற தூரம். நுவரெலியாவுக்குக் குளிரில் ஏறுகிற பணக்காரன் மாதிரி, குளிரிலிருந்து வெயிலுக்கு இறங்குவதுதான் நமக்கு ஓய்வு. மூட்டு வலிக்காரர்களைக் கேளுங்கள், மணலில் ஒரு நாள் கால் புதைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று.

அந்த ஊருக்கும் இந்த விஷயத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்ற பேச்சைக் கேட்டு வெள்ளைக்கார அதிகாரிகள் அந்தக் காலத்திலிருந்தே வந்து போனார்கள். எமர்சன் டெனன்ட் 1848 இல் வந்து, இரவில் தோணியில் போய்க் கேட்டு, தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். தோணி வலித்தவர்களின் பெயர் எழுதுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. 1924 இல் கல்லடிப் பாலம் திறந்தார்கள், தேசாதிபதி மன்னிங்கின் மனைவி பெயரை வைத்தார்கள். 1928 இல் ரயிலும் மட்டக்களப்புக்கு வந்தது. அதுவரை ஓடத்தில் கடந்த வாவியைக் கார் கடந்தது, உல்லாசப் பயணிகளும் கூடினார்கள். ஆனால் அதே காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய வடமோடியும் தென்மோடியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டக்களரி, அண்ணாவியார், மத்தளம், சுற்றிவரச் சனம். வேளாண்மை வெட்டின கையோடு கூத்துப் பழகுவார்கள். அவர்களுக்கும் போடியார் என்று ஒரு துரை இருந்தார், எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் நம் காமன் கூத்தும் அவர்கள் கூத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ரெஸ்ட் ஹவுஸ் விறாந்தையில் சாய்ந்திருந்தவர்களுக்கு இரண்டுமே தூரத்துக் கொட்டுச் சத்தம். இன்று கல்லடியிலேயே, 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய விபுலானந்த அடிகளின் பெயரால், ஆடலும் பாடலும் கூத்தும் பட்டப்படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் நிறுவகம் இருக்கிறது. நம் மலைப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள். படிக்கப் போகலாம் என்றால் இரண்டு நாள் இருந்துவிட்டு வரவும் போகலாம்.

போன வருடம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறையக் குடும்பங்கள் போனோம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. தங்குவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி வைத்த விடுதி ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். பஸ் போய் நின்றதும் அங்கே இருந்தவர் எங்களைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், விறகுக் கட்டைப் பார்த்தார். “தோட்டத்து ஆக்களோ? அறை முடிஞ்சு போச்சு” என்றார். அறைத் திறப்புகள் அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. கூட வந்த அக்கா ஒருவர், இருபத்தேழு வருடக் கொழுந்துக்காரி, சண்டை பிடிக்கத் தயாராகிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி பஸ்ஸைத் திருப்பும்போது, தெருவில் நின்ற ஒரு மீன்காரர் விஷயத்தைக் கேட்டு, கோயில் ஒன்றின் அன்னதான மண்டபத்தை ஏற்பாடு செய்து தந்தார். 2004 சுனாமியில் வீட்டை இழந்து அதே மாதிரி ஒரு மண்டபத்தில் மாதக்கணக்காகக் கிடந்தவர் அவர். கல்லடியில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், அந்த விடுதிக்காரர் மாதிரி ஆட்கள் குறைவு, இதையும் எழுத வேண்டும்.

மறுநாள் காலை அந்த அக்கா கடலில் இறங்கி, முதல் வேலையாக ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார். கரிப்பது உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். பிறகு சோடாப் போத்தல் ஒன்றில் நிரப்பி எடுத்துக்கொண்டார், வர முடியாத மாமியாருக்குக் காட்ட. இதை எழுதும்போது யாரையும் உருக வைக்க நான் நினைக்கவில்லை. தீவு என்று பெயர் வைத்த நாட்டில், நாட்டுக்குக் காசு உழைத்துக் கொடுத்த ஒரு பெண் ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்துதான் கடல் கரிக்கும் என்று தெரிந்துகொண்டார். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிறேன். கணக்குக் கேட்கிறேன்.

சங்கம் விடுதி நடத்துவதா, அது நம் வேலையா என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியூயோர்க் தையல் தொழிலாளப் பெண்கள் இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் பதினெட்டு இருபது வயதுப் பெண்கள், பிழைக்க வந்த யூதக் குடும்பங்களும் இத்தாலியக் குடும்பங்களும். 1909 இல் இருபதாயிரம் பேர் தெருவில் இறங்கிய வேலைநிறுத்தம் அவர்களுடையது. அந்தச் சங்கம் முதலில் மலைப்பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. 1919 இல் பென்சில்வேனியாவில் ஏரிக்கரையில் இருந்த ஒரு விடுதியையே விலைக்கு வாங்கியது, அதுவும் அதுவரை வசதியுள்ளவர்கள் போய்த் தங்கிய இடம். ‘யூனிட்டி ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பகலில் நீச்சல், மாலையில் பேச்சு, பாட்டு, நாடகம். எழுபது வருடம் நடந்தது. தையல் மெஷினில் குனிந்த முதுகுகள் அங்கே நிமிர்ந்தன, நிமிர்ந்தவர்கள் திரும்பிப் போய்ச் சங்கத்தை நடத்தினார்கள். முதலாளிமார் அதை ஆடம்பரம் என்றார்களோ என்னவோ, பெண்கள் அதைச் சங்கத்தின் சொத்துக் கணக்கில் எழுதினார்கள்.

நம்முடைய கணக்கும் எட்டாத கணக்கு இல்லை. விலைக்கு வாங்கச் சொல்லவில்லை. ஒரு வீட்டை வருட வாடகைக்கு எடுத்து, சந்தாப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மிச்சத்தைத் தோட்டந்தோறும் மாதர் தலைவிமார் நடத்தும் சீட்டிலிருந்து கொண்டுவரலாம். மே தினத் தொப்பிச் செலவை ஒரு வருடம் நிறுத்தினாலே எவ்வளவு தேறும் என்று மாவட்டக் கிளையில் பொருளாளரைக் கேளுங்கள், அவரிடம் பில் இருக்கிறது. யார் முதலில் போவது என்பதில் தலைவர்மாரின் சொந்தக்காரருக்கு இடம் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிற பெண்கள் முதலில் போகட்டும், இன்னும் கடலைப் பார்க்காதவர்கள் அடுத்து. அரிசி, பருப்பு, கருவாடு கொண்டுபோகலாம், அங்கே மீன் மலிவு. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: லீவுச் சம்பளத்தோடு லீவையும் தா, ஒரே குடும்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே வாரத்தில் தா. கொழுந்து குறைந்த மாதங்கள் இருக்கின்றன, அவற்றில் தருவதால் எந்தக் கம்பனியும் மூழ்காது. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ரயில் வாரண்ட். அதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில், சம்பளத்துக்குப் பின்னால் அல்ல, சம்பளத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்த தலைவர் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைப் பேசித் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். எதிர்ப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், காரணத்தோடு. கல்லடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். ஆறு அறை, பின்னால் கிணறு, முற்றத்தில் ஒரு வேப்பமரம், பஸ் திருப்ப இடம். வீட்டுக்காரர் நம்மைப் பார்த்து ஊர் கேட்டார், லுணுகலைப் பக்கம் என்றோம், மழை எப்படி என்று கேட்டார். குசினியில் அடுப்பு இரண்டுதான் இருக்கிறது. நம் ஆட்களுக்குக் குறைந்தது நான்கு வேண்டும், அதைக் கட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.